கடன் பட்டியலை விழுங்கிய கேள்விக்குறிகள்

சென்ற வருடம் ஒரு சனிக்கிழமை காலை, சாவகச்சேரிப் பக்கத்து மேசன் ஒருவர் எங்கள் ஹார்ட்வெயார் கடைக்கு வந்தார். பல வருடப் பழக்கம். கையில் பணத்தைச் சுருட்டிப் பிடித்தபடி, "முதலாளி, என்ட கணக்கைப் பாத்துச் சொல்லுங்கோ, இண்டைக்குப் பாதியாவது கட்டிப்போட்டுப் போறன்" என்றார்.

கொம்பியூட்டரில் அவருடைய பெயரைத் தேடினேன். இல்லை. ஊர் பெயரைப் போட்டுத் தேடினேன். அப்போதும் இல்லை. "உங்களுக்குக் கணக்கு ஒன்றும் இல்லையே அண்ணை, எல்லாம் தீர்ந்துவிட்டது" என்றேன்.

"அதெப்படித் தீரும்? 18 பாக் சீமெந்து எடுத்தனான். ஒரு சதமும் இன்னும் தரேல்ல" என்றார் அவர்.

கடன் கொடுத்தவனிடம், கடன் வாங்கியவர் நின்று வாதாடி நிரூபிக்க வேண்டிய நிலை. எனக்குக் கைகால் உதறத் தொடங்கியது மேசனை நினைத்து அல்ல. அவரைப் போல வந்து சொல்லாத மற்றவர்களை நினைத்து. பட்டியலின் அடியில் இருந்த கூட்டுத் தொகையைப் பார்த்தேன். வெளியில் நிற்கும் பணம் 40 இலட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். திரையில் காட்டியது 11 இலட்சத்துச் சொச்சம்.

எக்செல் விரிதாளில் கணக்கு வைத்திருக்கும் நம்மவர்கள் இன்று அதிகம். ஐந்து சந்தியில் தையற்கடை வைத்திருப்பவர் முதல் கொழும்பில் இருந்து லொறியில் சரக்கு இறக்குபவர் வரை, ஒரு பழைய மடிக்கணினியும் யாரோ ஒரு பிள்ளை எழுதிக் கொடுத்த மெக்ரோவுமாகத்தான் காலத்தை ஓட்டுகிறார்கள். பெரிய கணக்கியல் மென்பொருள் வாங்க எல்லோருக்கும் வசதியில்லை, தேவையும் இல்லை. ஆகவே எனக்கு நடந்ததையும், அதன் பிறகு நானும் என் மருமகனும் இரண்டு வாரம் இருந்து கண்டுபிடித்த பிழைகளையும் இந்த வாரம் எழுதுகிறேன். நான் கொம்பியூட்டர் படித்தவன் அல்லன். பட்டுத் தெரிந்துகொண்டவன்.

எங்கள் ஏற்பாடு

மெக்ரோ என்பது நாம் கையால் செய்யும் வேலைகளை வரிசையாக எழுதிவைத்து, ஒரு பொத்தானை அழுத்தியதும் எக்செல்லே செய்துவிடும்படி வைக்கும் கட்டளைத் தொகுப்பு. எங்கள் பட்டியலில் திகதி, பெயர், ஊர், சாமான், தொகை, கட்டியது, மீதி, நிலை என்று எட்டு நிரல்கள். ஏறத்தாழ 1,300 நிரைகள். வியாழக்கிழமை மாலைகளில் கடையடைக்கும் நேரம் பொத்தானை அழுத்துவோம். மெக்ரோ இரண்டு வேலை செய்யும். முதலில் கணக்கு முடிந்த நிரைகளை அழிக்கும். பிறகு தலைப்புக்கு நிறம் பூசி, கோடு போட்டு, எழுத்தை ஒரே அளவாக்கி, அச்செடுக்கத் தயாராக வைக்கும்.

எழுதியது என் மருமகன். நிலை என்ற நிரலில் அப்போது ஆங்கிலத்தில் 'பெய்ட்' என்று எழுதுவோம். சிலர் அதன் பின்னால் காசு, காசோலை என்றும் சேர்த்து எழுதுவதால், அவன் 'சமன்' குறி போடாமல் 'லைக்' என்ற சொல்லைப் போட்டு, 'பெய்ட்' என்பதற்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறியும் வைத்திருந்தான். அந்தச் சொல்லில் தொடங்குகின்ற எதுவானாலும் அழி என்று அர்த்தம். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

பிறகு கடைக்குப் புதிதாக வந்த கணக்குப் பையன் தமிழில் நன்றாக டைப் பண்ணுவான். நிலை நிரலை அவன் தமிழுக்கு மாற்றினான். 'தீர்ந்தது', 'தீரவில்லை', 'பாதி' என்று மூன்றே சொற்கள். எனக்கும் பிடித்திருந்தது. மெக்ரோவிலும் சொல்லை மாற்ற வேண்டுமே என்று, ஆல்ட் விசையோடு எஃப்11 அழுத்தி உள்ளே போய், மேற்கோள் குறிக்குள் இருந்ததை நட்சத்திரத்தோடு அழித்துவிட்டு 'தீர்ந்தது' என்பதை ஒட்டினான். ஒட்டியதும் அங்கே தமிழ் தெரியவில்லை. வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தன. "நானா, எழுத்துத் தெரியுதில்ல, ஆனா ஓடுது" என்று என்னிடம் சொன்னான். ஓடினால் சரி என்று நானும் விட்டுவிட்டேன். இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கொடுத்த விலைதான் இந்தக் கட்டுரை.

ஒன்பது கேள்விக்குறிகள்

கொழும்பில் வேலை செய்யும் மருமகனைத் தொலைபேசியில் பிடித்தேன். "மாமா, நான் எழுதின கோட்டில பிழை இல்ல, ரெண்டு வருஷம் ஓடினது தானே" என்றான். பையன் "நான் ஒரு சொல்லத்தான் மாத்தினேன்" என்றான். இரண்டும் உண்மை.

நடந்தது இதுதான். எக்செல்லின் கலங்களுக்குள் தமிழ் யுனிகோட் அழகாக நிற்கும். ஆனால் மெக்ரோ எழுதும் அந்த உள் ஜன்னல் பழங்காலத்தது. 1993இல் எக்செல்லுக்குள் வந்த அந்த மொழியின் எழுதுபலகை, விண்டோஸின் பழைய எழுத்துத் தொகுதிகளை மட்டும்தான் அறியும். அரபுக்கும் ரஷ்ய மொழிக்கும் அப்படியான பழைய தொகுதி உண்டு. தமிழுக்கு இல்லை. ஆகவே தமிழை ஒட்டினால், தெரியாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுவிடும். அது வெறும் தோற்றம் அல்ல, உள்ளே பதிவாவதும் கேள்விக்குறிதான்.

இதோடு நின்றிருந்தால் மெக்ரோ எதையுமே அழிக்காமல் போயிருக்கும். கேள்விக்குறிகளை நிலை நிரலில் நாங்கள் யாரும் எழுதுவதில்லை. ஆனால் 'லைக்' என்ற சொல்லுக்குக் கேள்விக்குறி என்றால் வேறு அர்த்தம். 'ஏதாவது ஓர் எழுத்து' என்று அது எடுத்துக்கொள்ளும். சீட்டு விளையாட்டில் ஜோக்கர் போல. ஒன்பது கேள்விக்குறி என்றால் எந்த எழுத்தாயிருந்தாலும் ஒன்பது எழுத்துள்ள சொல்.

இனி எண்ணிப் பாருங்கள். கொம்பியூட்டர் நம்மைப் போல உயிர்மெய்யை ஒன்றாக எண்ணாது. 'தீ' என்பதை 'த' ஒன்று, அதன் மேல் சுழி ஒன்று என்று இரண்டாக எண்ணும். புள்ளியையும் தனியாக எண்ணும். அப்படி எண்ணினால் 'தீர்ந்தது' என்பதில் த, சுழி, ர, புள்ளி, ந, புள்ளி, த, த, உகரக் குறி. ஒன்பது. 'தீரவில்லை' என்பதில் த, சுழி, ர, வ, இகரக் குறி, ல, புள்ளி, ல, ஐகாரக் குறி. அதுவும் ஒன்பது!

கணக்கு முடிந்தவரும் ஒரு சதமும் கட்டாதவரும் மெக்ரோவுக்கு ஒன்றாகிவிட்டார்கள். 'பாதி' நான்கே எழுத்து, அது தப்பியது. அதைவிட வேடிக்கை, 'தீரவில்லை' என்று இருந்தவற்றிலும் ஒரு முப்பது நாற்பது நிரைகள் தப்பியிருந்தன. பையன் அவசரத்தில் டைப் பண்ணி, கடைசியில் இடைவெளி விசையை அழுத்தியிருந்தான். இடைவெளியும் ஓர் எழுத்து, அதனால் அவை பத்து. அந்தச் சில்லறை நிரைகள் தப்பியதால்தான் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. தாள் வெறுமையாக இருந்திருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்போம். 'தீரவில்லை'யும் 'பாதி'யும் கலந்து, தலைப்புக்கு நீல நிறம் பூசி, கோடெல்லாம் போட்டு, வழக்கம் போல லட்சணமாகத்தான் இருந்தது பட்டியல்.

இதற்குப் பரிகாரம் சுலபம். தமிழ்ச் சொல்லை மெக்ரோவுக்குள் எழுதவே வேண்டாம். தாளில் ஓர் ஓரத்தில், அல்லது 'அமைப்பு' என்று தனித் தாளில், ஒரு கலத்துக்குள் 'தீர்ந்தது' என்று எழுதிவையுங்கள். மெக்ரோ அந்தக் கலத்தைப் பார்த்து, அதில் உள்ளதோடு 'சமன்' குறியால் ஒப்பிடட்டும். நாளை சொல்லை மாற்ற விரும்பினாலும் கலத்தை மட்டும் மாற்றினால் போதும். எழுத்தின் எண்ணைக் கொடுத்தும் எழுதலாம். உதாரணமாக 'த' வுக்கு 2980. ஆனால் ஒரு சொல்லுக்கு ஒன்பது எண் எழுதிக்கொண்டிருக்க நமக்குப் பொறுமை வேண்டுமே. இன்னொன்று: கேள்விக்குறியும் நட்சத்திரமும் 'லைக்'கில் மட்டுமல்ல, எக்செல்லின் தேடல், வடிகட்டி, கவுன்ட்இஃப் எல்லாவற்றிலும் இதே ஜோக்கர் வேலையைச் செய்யும்.

ஒரே சொல், வேறு எழுத்து

இந்தப் பிழையைத் திருத்திய பிறகும் சில 'தீர்ந்தது' நிரைகள் அழியாமல் அடம் பிடித்தன. அங்கேதான் தமிழில் கணக்கு வைப்பவர்களுக்கே உரிய இரண்டு தொல்லைகள் வெளிப்பட்டன.

ஒன்று, பாமினி. நம் நாட்டில் நீண்ட காலம் திருமண அழைப்பிதழ் முதல் கடைப் பலகை வரை பாமினி எழுத்துருவில்தான் அடித்தோம். இன்றும் பழைய ஆட்களின் விரல் அதற்குத்தான் பழக்கம். பாமினியில் அடித்த சொல் திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கலத்துக்கு உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். எழுத்துரு என்ற முகமூடியைப் போட்டிருப்பதால் தமிழாகத் தெரிகிறது. யுனிகோட் 'தீர்ந்தது'வோடு அது ஒருபோதும் பொருந்தாது. அதுமட்டுமல்ல, மெக்ரோவின் அழகுபடுத்தும் பகுதி முழுத் தாளுக்கும் ஒரே எழுத்துருவைப் போட்டால், பாமினியில் இருந்த பெயர்களெல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாக மாறிவிடும். பைல் பழுதாகிவிட்டது என்று சிலர் புதிதாக டைப் பண்ணத் தொடங்குவார்கள். வேண்டாம். அந்தக் கலங்களைத் தெரிவுசெய்து மீண்டும் பாமினியைக் கொடுத்தால் தமிழ் திரும்பிவிடும். பிறகு ஆறுதலாக யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது தொல்லை யுனிகோட்டுக்குள்ளேயே இருக்கிறது. 'கொடிகாமம்' என்பதில் உள்ள 'கொ' வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க' வோடு ஒகரக் குறியை ஒரே எழுத்தாக வைப்பது ஒரு முறை. ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று வைப்பது மற்ற முறை. சில விசைப்பலகைகளும் மாற்றிகளும் இரண்டாவது விதமாகத் தருகின்றன. திரையில் வித்தியாசமே தெரியாது. மெக்ரோவுக்கு இரண்டும் வேறு ஊர்கள். அதேபோல 'மௌலவி' என்பதைப் பலர் ஒற்றைக் கொம்பு போட்டு, 'ம' எழுதி, பக்கத்தில் முழு 'ள' வைச் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். நம் சமூகத்தில் எத்தனை கணக்குகள் 'மௌலவி' என்று தொடங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஊர், நிலை போன்ற நிரல்களில் கையால் டைப் பண்ணவிடாமல், டேட்டா வெலிடேஷன் மூலம் பட்டியலில் இருந்து தெரிவுசெய்யும்படி வைத்தால் இந்த இரண்டு தொல்லையும் ஒழியும். நாங்கள் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளிக்கு 'ட்ரிம்' இருக்கிறது. ஆனால் வங்கிக் கூற்றை இணையப் பக்கத்தில் இருந்து பிரதி பண்ணி ஒட்டும்போது வருவது சாதாரண இடைவெளி அல்ல, 160 என்ற எண்ணுள்ள வேறு இடைவெளி. 'ட்ரிம்' அதைத் தொடாது. முதலில் 160ஐச் சாதாரண இடைவெளியாக மாற்றிவிட்டுத்தான் 'ட்ரிம்' பண்ண வேண்டும்.

மேலிருந்து அழித்தால்

இது எல்லா மெக்ரோக்காரரும் ஒரு தடவையாவது விழுந்த குழி. உங்கள் மெக்ரோ ஓடிய பிறகும் சில நிரைகள் மிஞ்சுகின்றன, இன்னொரு தடவை அழுத்தினால் அவையும் போகின்றன என்றால், காரணம் அநேகமாக இதுதான்.

மெக்ரோ 2ஆம் நிரையில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழே போகிறது என்று வையுங்கள். 5ஆம் நிரையும் 6ஆம் நிரையும் அழிய வேண்டியவை. 5ஐ அழித்ததும் 6ஆவது மேலே ஏறி 5 ஆகிவிடும். மெக்ரோ அடுத்து 6ஐப் பார்க்கும். அங்கே இருப்பது பழைய 7. இடையில் ஒருவர் பார்வையில் படாமலே தப்பிவிட்டார். டிஸ்பென்சரி வரிசையில் ஒருவர் எழும்பிப் போனதும் எல்லோரும் ஓர் இருக்கை நகர்ந்து உட்கார, மருந்து கொடுப்பவர் இருக்கை எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனால் எப்படி இருக்கும்? அதுதான்.

கீழிருந்து மேலே போனால் இந்தத் தொல்லை இல்லை. கடைசி நிரையில் தொடங்கி 2 வரை, 'ஸ்டெப் மைனஸ் 1' என்று எழுத வேண்டும். கீழே அழித்தால் மேலே உள்ள எண்கள் அசையாது.

ஆனால் 'கடைசி நிரை எது' என்று மெக்ரோ கண்டுபிடிக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். வழக்கமாக ஒரு நிரலின் அடியில் இருந்து மேல்நோக்கி வந்து, முதலில் எழுத்து இருக்கும் கலத்தைக் கடைசி என்று எடுக்கும். நம் பழக்கமோ வேறு. கடன் கொப்பியில் ஒருவரின் பெயரை ஒரு தடவை எழுதிவிட்டு, கீழே 'மேற்படி' என்று போடுவோம், அல்லது வெறுமையாக விடுவோம். அதே பழக்கத்தில் எக்செல்லிலும் எழுதினால், பெயர் நிரலைப் பார்க்கும் மெக்ரோ அடியில் உள்ள சில நிரைகளைக் காணாமலே விட்டுவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. ஒருவர் முதலில் எடுத்த கம்பிக்குக் காசு கட்டிவிட்டார், பிறகு 'மேற்படி' என்று எடுத்த பெயின்ட்டுக்குக் கட்டவில்லை. மெக்ரோ தீர்ந்த நிரையை அழிக்கிறது. அந்த நிரையில்தான் அவருடைய பெயர் இருந்தது. மிஞ்சிய 'மேற்படி' இப்போது அதற்கு மேலே இருக்கும் இன்னொருவரின் கடனாகிவிடும். கட்டாத பெயின்ட்டுக்கு, எடுக்காத மனிதனிடம் போய்ப் பணம் கேட்கிறோம். எங்களுக்கே இப்படி இரண்டு கணக்குகள் இடம் மாறியிருந்தன. ஒருவர் நெல்லியடியில் இருந்து தொலைபேசி எடுத்து ஏசியும்விட்டார். ஏசியது நியாயம்தான். காகிதக் கொப்பியில் 'மேற்படி' சரி, கொப்பியில் யாரும் நடு வரியைக் கிழிப்பதில்லை. விரிதாளில் ஒவ்வொரு நிரையும் தன் காலில் நிற்க வேண்டும். ஒவ்வொரு நிரையிலும் பெயர், ஊர், திகதி முழுமையாக எழுதுங்கள்.

பிழையை மறைக்கும் வரி

மருமகனின் மெக்ரோவின் தலையில் 'ஓன் எரர் ரெசியூம் நெக்ஸ்ட்' என்று ஒரு வரி இருந்தது. பிழை வந்தால் நின்று பயமுறுத்தாமல் அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம். கடையில் இருப்பவர்கள் மஞ்சள் நிறக் கோட்டைக் கண்டு பயந்து தொலைபேசி எடுக்கக் கூடாது என்று போட்டிருந்தானாம். நல்ல நோக்கம்தான்.

ஆனால் 'இஃப்' என்ற நிபந்தனை வரியிலேயே பிழை வந்தால் என்ன நடக்கும்? சூத்திரம் பிழைத்து 'என்ஏ' என்று நிற்கும் கலத்தை ஒரு சொல்லோடு ஒப்பிட முடியாது, பிழை வரும். மெக்ரோ 'அடுத்த வரிக்குப் போ' என்ற கட்டளைப்படி அடுத்த வரிக்குப் போகிறது. அடுத்த வரி எது? 'இந்த நிரையை அழி' என்பது! நிபந்தனை பொருந்தவும் இல்லை, பொருந்தாமலும் இல்லை, ஆனால் நிரை போய்விட்டது. எங்கள் தாளில் நிலை நிரலில் சூத்திரம் இல்லாததால் இதில் தப்பினோம். விலைப்பட்டியலில் இருந்து வீ-லுக்அப் மூலம் நிரப்புபவர்கள் தப்பமாட்டார்கள். உங்கள் மெக்ரோவில் இந்த வரி இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். மெக்ரோ நின்று மஞ்சள் கோடு காட்டுவது நல்லது, எங்கே பிழை என்று அதுவே விரலை நீட்டிச் சொல்கிறது. எஃப்8 விசையால் ஒவ்வொரு வரியாக நடத்திப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மீதி பூச்சியமானால் அழி என்று எழுதியிருப்பவர்கள், முதலில் இரண்டு தசம தானத்துக்கு 'ரவுண்ட்' பண்ணிவிட்டு ஒப்பிட வேண்டும். கொம்பியூட்டர் சதக் கணக்குகளை இரும எண்ணில் வைப்பதால், 0.00 என்று தெரியும் கலத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத மிச்சம் கிடக்கும். விண்டோஸில் பிராந்திய அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் நாம் எழுதும் 03/04 மார்ச் 4 ஆகிவிடும், 13/04 திகதியாகவே ஏறாமல் எழுத்தாக நிற்கும். திகதி கலத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் அது திகதி அல்ல என்று அறிக. அழகுக்காகக் கலங்களை ஒன்றிணைத்தால் பிறகு வரிசைப்படுத்த முடியாது. நிறம், கோடு எல்லாவற்றையும் தரவு உள்ள நிரைகளுக்கு மட்டும் போடுங்கள். முழுத் தாளுக்கும் போட்டால் பைல் வீங்கிவிடும். மெக்ரோவில் தாளின் பெயரைக் குறிப்பிடாவிட்டால் அந்நேரம் திறந்திருக்கும் தாளைத்தான் அது அழிக்கும், அது விலைப்பட்டியலாக இருந்தாலும் சரி.

மின்னஞ்சலில் வந்த பைலில் மெக்ரோ ஓடவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். 2022 முதல் இணையத்தில் இருந்து வரும் பைல்களின் மெக்ரோவை மைக்ரோசொஃப்ட் தானாகவே தடுக்கிறது. வைரஸ் பரவுவதற்கு மெக்ரோ பழைய வழி. 1999இல் 'மெலிஸா' என்ற வைரஸ் வேர்ட் மெக்ரோவில் ஏறித்தான் உலகமெங்கும் போனது. அனுப்பியவரை நன்றாகத் தெரிந்தால் மட்டும் பைலின் மேல் வலப்பக்கம் கிளிக் செய்து, ப்ரொப்பர்ட்டீஸில் 'அன்புளொக்' கொடுக்கலாம்.

பெரிய இடத்துப் பிழைகள்

நமக்குத்தான் இப்படி என்று வெட்கப்பட வேண்டியதில்லை. 2008 செப்டெம்பரில் அமெரிக்காவின் லீமன் பிரதர்ஸ் வங்குரோத்தானபோது, அதன் சொத்துகளில் ஒரு பகுதியைப் பார்க்ளேஸ் வங்கி வாங்கியது. எந்தெந்த ஒப்பந்தங்களை ஏற்பது என்ற பட்டியல் எக்செல்லில் இருந்தது, ஏறத்தாழ 1,000 நிரைகள். வேண்டாதவற்றை அழிக்காமல் மறைத்து வைத்திருந்தார்கள். நீதிமன்றத்துக்குக் கொடுக்க, இரவோடிரவாகச் சட்ட அலுவலகத்து இளநிலை ஊழியர் ஒருவர் தாளை ஒழுங்குபடுத்தி பிடிஎஃப் ஆக்கினார். நிரைகளின் உயரத்தைச் சீராக்கியபோது மறைந்திருந்தவை வெளியே வந்துவிட்டன. வேண்டாத 179 ஒப்பந்தங்கள் வாங்குவோர் பட்டியலில் ஏறிப் போயின. பிறகு நீதிமன்றத்தில் மனுப் போட்டுத்தான் தீர்க்க வேண்டியிருந்தது. அழகுபடுத்தும் வேலையில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, கொவிட் பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வகைப் பைலில் சேர்த்தது. அந்த வகையில் 65,536 நிரைகளுக்கு மேல் இடமில்லை. நிறைந்த பின் வந்தவை சத்தமில்லாமல் விழுந்துவிட்டன. 15,841 தொற்றாளர்கள் கணக்கில் வராமல் போனார்கள். 2007க்குப் பிந்திய பைல் வகையில் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட நிரைகளுக்கு இடம் உண்டு. உங்கள் பைலும் இன்னும் பழைய வகையில் இருந்தால் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது மெக்ரோவோடு சேமிக்கும் வகையாகத் தெரிவுசெய்ய வேண்டும், சாதாரண வகையில் சேமித்தால் மெக்ரோ போய்விடும்.

எங்கள் கணக்கைத் திரும்ப எடுத்த கதை

மெக்ரோ செய்ததை கன்ட்ரோல் இசட் அழுத்தித் திரும்ப எடுக்க முடியாது. கையால் அழித்தால் 'அன்டூ' உண்டு, மெக்ரோ அழித்தால் இல்லை. இது தெரியாமல்தான் நானும் முதலில் அந்த விசையை அழுத்து அழுத்தென்று அழுத்தினேன்.

பென் டிரைவில் ஒரு பிரதி இருந்தது, ஆனால் நாலு மாதப் பழையது. மற்றதைக் காபன் வைத்த சிட்டைப் புத்தகங்களில் இருந்துதான் எடுத்தோம். நானும் பையனும் மகளும் இரவில் இருந்து ஒவ்வொரு சிட்டையாகப் பார்த்து ஏற்றினோம். பையன் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, 'ஓடுது' என்று அவன் சொன்னபோது சரி என்றவன் நான்.

என் வாப்பாவின் கடன் கொப்பிகள் 1990 அக்டோபர் 30ஆம் திகதி கடைக்குள்ளேயே கிடந்துவிட்டன. அன்று ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது கொப்பியை யார் நினைத்தார்கள்? புத்தளத்தில் இருந்தபோது யார் யார் எவ்வளவு என்று ஞாபகத்தில் இருந்து ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். போர்நிறுத்தத்துக்குப் பிறகு 2002இல் பார்க்க வந்தபோது, அந்தக் காகிதத்தில் இல்லாத ஒருவர் வந்து, 12 வருடத்துக்கு முந்திய தகரத்துக்குக் காசு தந்தார். சிட்டைகளைப் புரட்டிய அந்த இரவுகளில் அது அடிக்கடி நினைவுக்கு வந்தது. கொப்பி தொலைந்ததற்கு அன்று ஒரு காரணம் இருந்தது. இன்று தொலைத்தது எங்கள் அலட்சியம்.

இப்போது எங்கள் மெக்ரோ எதையும் அழிப்பதில்லை. முதல் வேலையாக, பைலைத் திகதி போட்ட பெயரில் ஒரு பிரதி எடுக்கிறது. பிறகு தீர்ந்த நிரைகளைத் 'தீர்ந்தவை' என்ற தனித் தாளுக்கு நகர்த்துகிறது. தீர்ந்த கணக்கும் நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் தேவைதானே. முடிவில் ஒரு சிறிய பெட்டி வரும்: முன்பு எத்தனை நிரை, நகர்த்தியது எத்தனை, மிஞ்சியது எத்தனை, வெளியில் நிற்கும் தொகை முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு. தீர்ந்தவற்றை நகர்த்துவதால் நிரைகளின் எண்ணிக்கை குறையலாம், நிலுவைத் தொகை ஒரு சதமும் குறையக் கூடாது. குறைந்தால் மெக்ரோ சேமிக்காமல் நிற்கும். இந்தப் பெட்டி முதலிலேயே இருந்திருந்தால் 29 இலட்சம் காணாமல் போனதை அந்த வியாழனே கண்டிருப்போம்.

கடைசி மூன்று கணக்குகளுக்குச் சிட்டையும் கிடைக்கவில்லை. அவற்றை விட்டுவிட்டேன். மேசனின் சிட்டை கிடைத்தது, அவர் சொன்னது போல 18 பாக்தான். அன்று 9 பாக்குக்குக் கட்டினார். அவருடைய நிலை இப்போது 'பாதி'. மீதியைச் சித்திரை கழியத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.